இக்தாலோங் துறையின் பின்விளக்கு

இக்தாலோங்,
ஏப்ரல் கடைசி வாரம்.

என் அன்பு அடெல்ஃபாவுக்கு,

சியா எழுதுகிறேன். உன் அம்மா உடம்புக்குக் குறையில்லை. உன் பெரியவள் ரோவேனாவுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது, பிடுங்கியாகிவிட்டது. சின்னவள் லிசெல் வழக்கம்போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டு திரிகிறாள். எனக்குத்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நோய் ஒன்றும் இல்லை. நாற்றம்.

பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே நானும் வேதியியல் வாத்தியார் அனிசெத்தோவும் கிளம்பினோம். நீ சிரிப்பாய் என்று தெரியும். ஊரும் சிரித்தது. அந்த ஆளிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, என்னிடம் இல்லை. அவ்வளவுதான் எங்கள் காதல். நீயும் நானும் கல்லூரி நாட்களில் துறை விளக்குகளைத் தேடிப் போய் வரைந்து பாதியில் விட்ட வேலையை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். பெரிய கலங்கரை விளக்கங்களைப் பார்க்க மணிலாவிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கரையோரம் ஒவ்வொரு சின்னத் துறையிலும் ஒற்றைக் கம்பத்தில், கடலுக்குள் நீளும் உடைந்த கற்றுறையின் நுனியில், சதுப்பு மரங்களுக்கு நடுவில் நிற்கிற குட்டி விளக்குகளை யார் போய்ப் பார்க்கிறார்கள்? படகுக்காரன் வீடு வந்து சேருவது அதை நம்பித்தானே. வரும் வருடம் பிள்ளைகளுக்கு நம் கரையின் வரைபடம் ஒன்று போட்டு வகுப்பில் மாட்டலாம் என்று நினைத்தேன்.

இப்போது அந்த வரைபடத்தை மாட்டினால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

மலாபோ முனையில் மூன்று கால் இரும்புக் கம்பம் இருந்ததே, நீ பென்சிலால் வரைந்தாயே, அது இன்னும் நிற்கிறது. காலுக்குக் கால் கயிறு கட்டி மீன் காயப்போட்டிருக்கிறார்கள். மேலே கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு நெகிழிப் பை. பைக்குள் புழு. சான் ரொமானோவில் ஸ்பானியர் காலத்துக் கற்றுறையை நீ பார்த்ததில்லை. பழைய பீரங்கிகளை வாய் மேலே தெரியும்படி நட்டு, கப்பல் கயிறு கட்டும் தூண்களாக்கியிருக்கிறார்கள். எத்தனை அழகான இரும்பு, அடெல்ஃபா! நான் குனிந்து ஒரு பீரங்கியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஊர்க் குழந்தைகள் அத்தனை பேரின் அழுக்குத் துணியும் அதற்குள்தான். அனிசெத்தோ ஒதுங்கிப் போய்க் கடலில் வாந்தி எடுத்தார். அந்த ஆளுக்குக் கரையில் நின்றாலே கடல் மயக்கம் வரும்.

பிலார் துறையில் சர்க்கரை மூட்டை ஏற்றிய நீளமான மரப்பாலம் பாதி விழுந்துவிட்டது. நுனியில் விளக்கு மாடம் மட்டும் தனியாக, தண்ணீருக்கு நடுவே, பொம்மை வீடு மாதிரி நிற்கிறது. படகு பிடித்துப் போய் ஏறினோம். உள்ளே சுவரெல்லாம் காதலர் பெயர், தரையெல்லாம் மூத்திரம். இத்தனை தூரம் துடுப்புப் போட்டு வந்து இங்கே மூத்திரம் போகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலித்தது. அதற்கடுத்த ஊரில் துறைக் கம்பத்தை மூடிப் பழைய தேர்தல் வேட்பாளர் ஒருவரின் முகம். விளக்கு எரிவதில்லை. அவருடைய பல் வெளிச்சம்தான் அந்தத் துறைக்கு.

இதையெல்லாம் பார்த்துத் திட்டிக்கொண்டு நம் ஊருக்குத் திரும்பினேன். நம் துறையாவது ஒழுங்காக இருக்கும் என்று நினைத்தேன். முன்விளக்கு கற்றுறை நுனியில் எரிகிறது, குறை சொல்ல மாட்டேன். பின்விளக்குக் கோபுரத்துக்குப் போனோம்.

கதவைத் திறந்ததும் ஒரு சூடு வந்து முகத்தில் அடித்தது. கோழிப் பீயின் சூடு. கணுக்கால் வரை. கோபுரத்தின் உள்வட்டம் முழுக்க மூங்கில் கூண்டுகள். கூண்டுக்கு ஒன்றாகக் கத்திக்கட்டுச் சேவல்கள், தொடை சிரைத்து, கொண்டை வெட்டி, புண்ணும் மஞ்சள் மருந்துமாக. மூலையில் தோற்றுப்போன சேவல் ஒன்று செத்துக் கிடந்தது; யாரும் எடுத்துப் போடவில்லை. படியேறிப் போனேன். உச்சியில் விளக்கு இல்லை. நான்கு திருகாணி ஓட்டைகளும் அறுத்த கம்பியும்தான் இருந்தன.

அந்தக் கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை யாருடையது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் புருஷன் டென்சியோவை உன் மேட்டு மனையில்தான் பிடித்தேன். ஒரு சேவலின் அலகைத் தன் வாய்க்குள் வைத்து உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தான், சளி எடுக்கிறானாம். அதே வாயைத் துடைக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தான். ரோவேனாவுக்கு நான் ஞானத்தாய் ஆன நாளிலிருந்து என்னை "மாரே" என்றுதான் கூப்பிடுகிறான். அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போது எனக்குக் குமட்டுகிறது. உன் வீட்டுக்குப் பக்கவாட்டில், கடலைப் பார்த்துத் திறந்த கூரை ஒன்று போட்டிருக்கிறான். அதன் கீழே குஞ்சுக் கூடை. கூடைக்கு மேலே, கண்ணாடிக் கூண்டோடு, நம் துறையின் பின்விளக்கு. துறைமுகக் கணக்கில் ஓடும் மின்சாரத்தைக் கம்பி இழுத்து இங்கே கொண்டுவந்திருக்கிறான். பிப்ரவரியிலேயே கழற்றியிருக்கிறான்.

"என்னய்யா இது?" என்றேன்.

"குஞ்சுக்குச் சூடு வேணும்ல மாரே? இதென்ன சாதாரணக் குஞ்சா? இதோட அப்பன் அமெரிக்கச் சேவலு" என்றான்.

படகு வருமே என்றேன்.

"எந்தக் கப்பல் வருது இப்ப? வர்றதெல்லாம் நம்ம பயலுகதான். அவனுக கண்ண மூடிக்கிட்டே வந்துருவானுக. நீங்க போய்ப் பிள்ளைங்களுக்குப் பூகோளம் சொல்லிக் குடுங்க."

பக்கத்துத் துறைமுக அலுவலகத்துக்குப் போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "முன்விளக்கு எரியுதுல்ல மேம்? ஒரு ஊருக்கு ஒரு விளக்கு போதாதா?" என்றார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால்தான் பாறைகளுக்கு நடுவில் படகு நுழையும் வாய் தெரியும், ஒன்று மட்டும் எரிந்தால் கரை இருக்கிறது என்றுதான் தெரியும், வழி தெரியாது என்று பலகை இல்லாத வகுப்பு ஒன்று எடுத்தேன். வெட்டிய நகத்தை ஊதித் தள்ளிவிட்டு, பார்க்கலாம் என்றார்.

நீ ஒரு வார்த்தை எழுது, அடெல்ஃபா. அவன் உன் எழுத்துக்குத்தான் கொஞ்சமாவது அசைவான். வேறு ஒருவன் என்றால் நான் இப்படிக் கெஞ்ச மாட்டேன், காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

உன் எசமானிக் கிழவியின் இருமல் குறைந்ததா? நீ தூங்கும் அந்தச் சமையலறை மூலையில் ஜன்னல் வைத்துத் தந்தார்களா? எழுது. மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன்,
சியா.


இக்தாலோங்,
ஜூலை.

அடெல்ஃபாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்க மனம் வரவில்லை.

உன் புருஷனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். கல்யாணம் ஆகாதவளுக்குக் குடும்பம் நடத்துவதன் கஷ்டம் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அதுவும் உண்மையாக இருக்கலாம். விளக்கைச் சரி செய்துவிட்டதாக அவன் உனக்கு எழுதியிருக்கிறானாம், நான்தான் கோள் மூட்டுகிறேனாம். இன்று சாயங்காலமும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபுரம் இருட்டு. உன் மேட்டில் குஞ்சுக் கூடைக்கு மேல் பிரகாசமாக எரிகிறது. எனக்குக் கண் நன்றாகவே தெரிகிறது.

ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. மீன் சந்தையில் ஒருவரிடம் கேட்டேன், "பழகிட்டோம் மேம். தேவாலயத்து வெளிச்சத்தப் பாத்துக்கிட்டு வந்துருவோம்" என்றார். ஏன் புகார் கொடுக்கவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை டென்சியோவின் சேவல்மேல் பந்தயம் கட்ட வேண்டாமா என்று சிரிக்கிறார். ஒரு ஊர் முழுக்க ஒரு நாற்றத்துக்குப் பழகிவிட்டால் அதற்குப் பிறகு அது நாற்றமே இல்லை போலிருக்கிறது. மூக்கு உள்ளவள்தான் பைத்தியம்.

மழை ஆரம்பித்துவிட்டது. தென்மேற்குக் காற்று இந்த வருடம் முரடாக இருக்கிறது. உன் அண்ணன் திபோ செப்டம்பர் திருவிழாவுக்குப் பலாவானிலிருந்து வந்துவிடுவார் என்று சலோமே அண்ணி சந்தோஷமாகச் சொன்னார். ஜனவரியில் போன மனிதர். தீவு விட்டுத் தீவு போய்க்கொண்டிருப்பதால் எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று அண்ணிக்கே தெரியவில்லை. உனக்கு மட்டும் அவர் மாதத்துக்கு ஒரு கடிதமாவது போடுவார், எங்கே இருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். அவருக்கு எழுதும்போது பின்விளக்கு இல்லை என்று ஒரே ஒரு வரி சேர்த்து எழுது. என் பெயரைப் போட வேண்டாம். நான் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டாம்.

அனிசெத்தோ நலமாக இருக்கிறார். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

கோபத்தோடு இருந்தாலும் சாப்பிடாமல் இருக்காதே.

சியா.


இக்தாலோங்,
செப்டம்பர், அடக்கம் முடிந்த மறுவாரம்.

என் அடெல்ஃபா,

தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். அதைக் கொடுத்தவன் யார் என்று எனக்குத் தெரியும், அதில் என்ன எழுதினான் என்றும் தெரியும். அஞ்சலகத்துப் பெண் என் பழைய மாணவி. அண்ணன் இறந்தார் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். குடிபோதையில் என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறான். தங்கைக்குச் சாவுச் செய்தி அனுப்பும்போதும் அவனுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது.

உன் அண்ணன் குடிக்கவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள். மற்றதை மெதுவாகப் படி. முடிந்தால் பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு படி.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, விடிவதற்கு முன்னால், மழை கரையையே மறைத்திருந்த நேரத்தில் அவர்கள் படகு வந்திருக்கிறது. அவரும், சான் ரொமானோவைச் சேர்ந்த ரிக்கோ என்ற வாலிபனும், இரண்டே பேர். துறை வாய்க்கு வடக்கே பாறையில் மோதிப் படகு இரண்டாகப் பிளந்துவிட்டது. ரிக்கோ படகின் பக்கவாட்டில் கட்டியிருந்த சிறகுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்து, காலையில் மீன்காரர்கள் கையில் கிடைத்தான். உன் அண்ணனைக் கடல் மறுநாள்தான் கொடுத்தது.

நான் மருத்துவமனைக்குப் போனது ரிக்கோவுக்குக் கஞ்சி கொடுக்கத்தான். விசாரிக்கப் போகவில்லை. உடம்பெல்லாம் பாறை கிழித்த கோடுகள். கஞ்சியைத் தொடவில்லை. தானாகவே பேசினான்.

"மேம், அண்ணன் தப்பா ஓட்டல. எல்லாரும் தப்பா ஓட்டிட்டாருங்கறாங்க. ரெண்டு வெளக்கும் ஒண்ணுமேல ஒண்ணாத்தான் நின்னுச்சு. நான்தான் முன்னாடி நின்னு பாத்துச் சொன்னேன். ‘நேரா இருக்குண்ணே, போங்க’ன்னு நான்தான் சொன்னேன்" என்றான்.

இரண்டு விளக்கா என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் மேம். கீழ ஒண்ணு, மேட்டுல ஒண்ணு. நேரா இருந்துச்சு."

கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. பின்விளக்கு இல்லாததால் ஒருநாள் யாராவது வழி தெரியாமல் தவிப்பார்கள் என்றுதான் இத்தனை மாதமும் பயந்தேன். இப்படி ஒன்று என் புத்திக்கு எட்டவே இல்லை. அந்த விளக்கு அணைந்திருந்தால்கூட உன் அண்ணன் பாறைக்கு வெளியிலேயே விடியும் வரை காத்திருந்திருப்பார். அது எரிந்தது. உன் மேட்டு மனையில், குஞ்சுக் கூடைக்கு மேல், கடலைப் பார்த்து எரிந்தது. அதைக் கோபுரத்துப் பின்விளக்கு என்று நம்பி, முன்விளக்கையும் அதையும் நேராக்கிக்கொண்டு, எட்டு மாதம் கழித்து வீட்டுக்கு வருகிற மனிதர், சரியாகத்தான் ஓட்டியிருக்கிறார். கோடுதான் கோணல்.

அண்ணனுக்கு எழுதச் சொன்ன அந்த ஒரு வரியைப் பற்றி நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை. நீயும் அதற்குப் பதில் எழுத வேண்டாம். கடிதங்கள் வழியில் தொலைந்துபோவது உண்டு. அவ்வளவுதான்.

நேராகச் சலோமே அண்ணியிடம் போனேன். சவப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், தலைமாட்டில் மெழுகுவர்த்தி, வெளியே சாவு வீட்டு வழக்கப்படி சீட்டு விளையாடுகிறவர்கள், காப்பி, பிஸ்கட். நான் காதோடு காதாகச் சொன்னேன். அண்ணி அழவில்லை. எழுந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் மேட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது அந்தத் துண்டுக்குள் ஒரு குஞ்சு இருந்தது. பெட்டியின் கண்ணாடி மேல் அதை விட்டு, முன்னால் ஒரு பிடி அரிசியைப் போட்டார்.

வெளியே சீட்டு நின்றுபோயிற்று. நம் ஊரில் பெட்டிமேல் குஞ்சை எதற்கு விடுவோம் என்று அந்த வாசலில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கொல்லப்பட்டவனின் பெட்டிமேல்தானே விடுவோம், கொன்றவன் மனசைக் கொத்தட்டும் என்று.

மதியம் டென்சியோ வந்தான். கறுப்புச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை, கையில் மாலை. உள்ளே வந்தவன் குஞ்சைப் பார்த்தான். முகம் வெளிறியதை நான் பார்த்தேன். ஆனால் வாய் அடங்கவில்லை.

"யாருக்குய்யா இந்தக் குஞ்சு? கடல் கொன்னவனுக்கா? கள்ளக் குடிச்சிட்டுப் பாறையில போய் ஏறுனவனுக்கா?"

அண்ணி தலையைத் தூக்காமலே சொன்னார்: "உன் வீட்டுக் குஞ்சுதான் டென்சியோ. வெளக்குச் சூட்டுல வளந்தது. நல்லாப் பாரு, உனக்கு அடையாளம் தெரியும்."

அவன் கையை நீட்டிக் குஞ்சைப் பிடிக்கப் போனான். உன் அம்மா, செய்தி வந்ததிலிருந்து நாற்காலியை விட்டு அசையாதவர், எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே நின்றார். அவன்தான் கையை இழுத்துக்கொண்டு, மாலையைத் தரையில் போட்டுவிட்டுப் போனான்.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறாயா? ஊர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர்கூட அவனைப் பின்தொடர்ந்து போகவில்லை, ஒருவர்கூட அண்ணிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் தெரியும், ஒவ்வொருவரும் பழகியிருந்தார்கள். அந்தக் காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை, அடெல்ஃபா. அந்த வாசலில் மூச்சு விடவே கூசியது.

மூன்றாம் நாள் துறைமுக அதிகாரி விசாரணைக்கு வந்தார், அதே நகம் வெட்டுகிறவர். அதற்குள் கோபுரம் புதிதாக நின்றது. பளீர் என்று சுண்ணாம்பு, உச்சியில் விளக்கு, கதவுக்குப் பச்சைப் பெயிண்டு. அதிகாரி கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "நல்லாத்தானே எரியுது?" என்றார். இங்கே விளக்கு இல்லை, நான் பார்த்தேன், ஏப்ரலிலேயே உங்களிடம் வந்து சொன்னேன் என்றேன். அப்படி யாரும் வந்ததாக அவருக்கு ஞாபகமில்லையாம். என்னோடு அனிசெத்தோவும் பார்த்தார் என்றேன். அனிசெத்தோ அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஏப்ரலில் என் பக்கத்திலேயே நின்று மூக்கைப் பொத்திய மனிதர்.

"எனக்கு அவ்வளவு தெளிவா ஞாபகமில்ல, மேம். எனக்கு அன்னைக்கு உடம்பு வேற சரியில்ல" என்றார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். டென்சியோவின் சித்தப்பாதான் பள்ளிக்கூடக் குழுத் தலைவர் என்பது எனக்கும் தெரியும். அன்றிலிருந்து அந்த மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டாலே நான் தெரு மாறிப் போகிறேன்.

விட்டுவிடுவேன் என்று நினைத்தார்கள். நான் அதிகாரியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோபுரத்துக்குள் போனேன். ஒரு ஆசிரியை அப்படிச் செய்யலாமா என்று பின்னால் யாரோ கேட்டார்கள். கேட்கட்டும். உள்ளே சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் அந்த நாற்றம் அப்படியே இருந்தது. அவசரத்தில் கூட்டாமல் கொள்ளாமல் பூசியிருக்கிறார்கள். சுவர் முழுக்க, சுண்ணாம்புக்குள் இறகுகள். வெள்ளை வெள்ளையாக, ஒட்டிக்கொண்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும். ஒன்றைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்துவிட்டது.

"டெக்சாஸ் இனச் சேவலா?" என்று டென்சியோவிடம் கேட்டார்.

சுருக்கமாகச் சொல்கிறேன். மோசமான வானிலை என்று எழுதிக்கொண்டு போனார். ரிக்கோ சொன்னதைக் கேட்டுக்கொண்டார், எழுதிக்கொள்ளவில்லை, அதிர்ச்சியில் உளறுகிறானாம். டென்சியோவின் வேலை அப்படியே இருக்கிறது. மேட்டில் இப்போது வேறு பல்பு போட்டிருக்கிறான், கடல் பக்கம் ஒரு பழைய தகரத்தை நிறுத்தி மறைத்திருக்கிறான். அந்தத் தகரம் ஒன்றுதான் அவன் வாயைத் திறக்காமல் ஒப்புக்கொண்டது.

ஆனாலும் ஒன்று நடந்தது. அடக்கத்துக்கு அவன் வந்தபோது உன் அம்மா எல்லார் காதிலும் விழும்படி, "இவன் என் மகன் பெட்டியத் தூக்கக் கூடாது" என்றார். ஐந்து பேர் தூக்கினார்கள். ஆறாவது இடம் காலியாக இருந்தது. ரிக்கோ கட்டுப் போட்ட கையோடு வந்து அந்த இடத்தில் தோள் கொடுத்தான். அப்போதுதான் கூட்டத்தில் முதல் தடவையாகச் சிலர் அழுதார்கள். வெட்கத்தில் அழுதார்களா, துக்கத்திலா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

நீ என்னை நம்ப வேண்டும் என்று இதை எழுதவில்லை. உன் அம்மாவிடம் கேள். அண்ணியிடம் கேள். ரிக்கோவின் விலாசத்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அவனிடமும் கேள். நான் கல்யாணம் ஆகாதவள், வாய் நீளமானவள், உன் புருஷனைப் பிடிக்காதவள்; எல்லாம் சரிதான்.

இனி உன் பெண்களைப் பற்றி. அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் இருவரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். ரோவேனா தோளில் ஒரு துணி மூட்டை, லிசெல் கையில் அவளுடைய போர்வை. யாரும் கூப்பிடவில்லை. "ஞானம்மா, நாங்க இங்க இருக்கலாமா? அங்க வீட்டுக்குள்ள நாறுது" என்றாள் ரோவேனா. லிசெல் வந்ததிலிருந்து பேசவே இல்லை. அவள் பேசாமல் இருப்பதை நீ பார்த்ததே இல்லை, நானும்தான். உன் பழைய அறைத்தோழியான என் கட்டிலில்தான் இருவரும் தூங்குகிறார்கள். வாரத்துக்கு இருமுறை மீன், ஞாயிற்றுக்கிழமை முட்டை. கோழிக்கறி மட்டும் வேண்டாம் என்கிறாள் பெரியவள், சரி என்றுவிட்டேன்.

டென்சியோ ஒருமுறை வந்து வாசலில் நின்றான். "மாரே, எம் பிள்ளைங்கள அனுப்புங்க" என்றான். நான் கதவைத் திறக்கவில்லை. உன் கையெழுத்து இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று உள்ளேயிருந்தே சொன்னேன். எனக்கு அந்த உரிமை உண்டா இல்லையா என்று தெரியாது. உண்டு என்று நீ எழுதினால் போதும். இல்லை என்று எழுதினால் மறுநாளே கொண்டுபோய் விடுகிறேன். விட்டுவிட்டு உன்னோடு பேசுவதை நிறுத்திவிடுவேன்.

அடெல்ஃபா, விடுப்பு தருவார்களா? அந்தக் கிழவியிடம் கேட்டுப் பார். காலில் விழச் சொல்லவில்லை, கேட்டுப் பார். அடக்கத்துக்கு வர முடியாமல் போய்விட்டது, அது போகட்டும். உன் அம்மா சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வந்தா நேரா எங்கிட்ட வரச் சொல்லு. அந்த மேட்டு வீட்டுப் பக்கம் போகாம எங்கிட்ட வரச் சொல்லு. நான் திட்ட மாட்டேன்னு சொல்லு."

இலோய்லோவில் இறங்கியதும் யாருக்கும் தகவல் சொல்லாதே. பேருந்தில் வா. மலைப்பாதை வளைவு உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரியும், ஒரு எலுமிச்சையை மோந்துகொண்டு வா. எத்தனை மணிக்கு வந்தாலும் நான் நிறுத்தத்தில் இருப்பேன். கோபுரத்தில் விளக்கு இப்போது ஒழுங்காகத்தான் எரிகிறது, இன்று சாயங்காலமும் போய்ப் பார்த்தேன். இருந்தாலும் நீ கடல் வழியாக மட்டும் வராதே.

மாதா உன்னைத் தரை வழியாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உன்,
சியா.